ஊசி முதலில், மாத்திரை பிறகு
உடலும் ஊரும் – 14

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள், 22 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குவதற்கு முன்னால் கடந்து போகிற அடிவார ஊர் கல்லாறு. சுற்றிலும் காடு, காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள். மேலே தேயிலை, கீழே ரப்பர். சென்ற வாரம் சிக்குன்குன்யாவைப் பற்றிப் பேசும்போது ரப்பருக்கு அதில் இருந்த பங்கைப் பார்த்தோம். 2006இல் கேரளத்தில் நுழைந்த அந்த வைரஸ், 2007இல் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய வடிவத்தில் பரவியது. அந்த மாற்றம் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற கொசுவின் உடலில் வைரஸ் எளிதாகப் பெருக வழி செய்தது. அந்தக் கொசுவோ, மழைக்காலத்தில் பால்வெட்டு நின்ற ரப்பர் மரங்களின் சிரட்டைகளில் தேங்கிய தண்ணீரில் வளர்ந்தது. கொள்ளைநோய் ஓய்ந்துவிட்டது. ஆனால் அது விட்டுப்போன ஒரு பழக்கம் ஓயவில்லை. காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்து வந்தால் சிக்குன்குன்யா என்று வீட்டிலேயே தீர்ப்பாகிவிடுகிறது. மருந்துக்கடையில் இரண்டு வலிமாத்திரை, கூடவே பாதுகாப்புக்கு என்று நான்கு ஆன்டிபயாட்டிக் காப்சூல், மூட்டில் தடவக் குழம்பு எண்ணெய். நூற்றில் பெரும்பாலானவர்களுக்கு இதனால் பெரிய கேடு வராது. மீதியுள்ள சிலருக்காகத்தான் இந்த வாரக் கட்டுரை.

வைரஸ் வரும்போது பல மூட்டுகளைப் பிடிக்கும். மணிக்கட்டு, விரல்கள், கணுக்கால் என்று இரு பக்கமும் சேர்ந்து வலிக்கும். பாக்டீரியா பெரும்பாலும் ஒரே ஒரு மூட்டைத்தான் பிடிக்கும். பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது முழங்கால் முட்டி. அந்த மூட்டு ஓரிரு நாளில் வீங்கும், தொட்டால் சுடும், மடக்கவோ நீட்டவோ விடாது. மருத்துவர்கள் இதைச் செப்டிக் ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். நாம் சீழ்மூட்டு என்று வைத்துக்கொள்வோம். இங்கே நான் வாதிட வருவது ஒன்றுதான். இப்படி ஒற்றை மூட்டு திடீரென்று வீங்கினால், முதல் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னால் அந்த மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துவிட வேண்டும். அதை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி வரை தள்ளிப்போடாமல், நோயாளி முதலில் போய்ச் சேர்கிற தாலுகா ஆஸ்பத்திரியிலேயே செய்ய வேண்டும். கேட்பதற்கு எளிய கோரிக்கை. இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களோ நிறைய, அவற்றில் சில நியாயமானவையும்கூட.

முதலில், ஏன் இவ்வளவு அவசரம் என்பதைப் பார்த்துவிடலாம். மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வில் ரத்தக்குழாய்கள் ஏராளம். ஆனால் மற்றத் திசுக்களில் ரத்தத்துக்கும் வெளியிடத்துக்கும் நடுவே தடுப்பாக நிற்கும் அடித்தளப் படலம் அங்கே கிடையாது. காலில் ஒரு புண், தோலில் ஒரு கொப்புளம், சிறுநீரில் ஒரு தொற்று என்று எங்கிருந்தோ ரத்தத்தில் ஏறிய கிருமி சுலபமாக மூட்டுக்குள் இறங்கிவிடுகிறது. இறங்குவது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். மூட்டிலுள்ள கொலாஜனைப் பற்றிக்கொள்ளத் தேவையான புரதங்கள் அதன் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. அதை எதிர்க்க வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில் வந்து குவிகின்றன. அவை கக்கும் நொதிகள் கிருமியைத் தின்பதோடு நிற்பதில்லை, எலும்பின் நுனியில் உள்ள குருத்தெலும்பையும் அரிக்கின்றன. சில நாட்களுக்குள் அரிப்பு தொடங்கிவிடும். கிருமி செத்த பிறகும் சீழ் உள்ளே இருக்கும்வரை அது தொடரும். குருத்தெலும்பு ஒருமுறை போனால் பழையபடி முளைப்பதில்லை. இது மூட்டோடு போகிற சமாசாரமும் அல்ல: நவீன மருத்துவமனைகளில்கூடப் பெரியவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இந்நோயில் இறக்கிறார்கள் என்று பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஏற்கெனவே முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

‘காய்ச்சல் இல்லையே, ரத்தப் பரிசோதனையும் பெரிதாக ஒன்றும் காட்டவில்லையே, பிறகெதற்கு மூட்டில் ஊசி?’ என்பது நோயாளி மட்டுமல்ல, பல நேரம் மருத்துவரும் கேட்கும் கேள்வி. இதற்குப் பதில் 2007இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வில் இருக்கிறது. 14 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 6,242 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். சீழ்மூட்டு உறுதியானவர்களில் காய்ச்சல் இருந்தது 57 சதவீதம் பேருக்குத்தான். குளிர் நடுக்கம் இருந்தது ஐந்தில் ஒருவருக்கு. காய்ச்சல் இல்லை என்பதை வைத்து வீட்டுக்கு அனுப்பினால், பத்துக்கு நான்கு பேரைத் தவறவிடுவோம் என்று அர்த்தம். ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை, இஎஸ்ஆர், சிஆர்பி எல்லாம் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று சொல்லும். மூட்டில் இருப்பது சீழா, கவுட் நோயை உண்டாக்கும் யூரிக் ஆசிட் படிகமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. யூரிக் ஆசிட் அளவைப் பார்த்து முடிவு செய்வது இன்னும் மோசம். நம்மூரில் அந்த ஒரு எண்ணுக்குக் கொடுக்கப்படும் மரியாதை எனக்கு எப்போதும் வியப்பு. கவுட் தாக்கும் நேரத்திலேயே அது இயல்பளவில் இருக்கலாம். ஆயுள் முழுக்க உயர்ந்திருந்தும் கவுட் வராமலே போகலாம். எக்ஸ்ரேயோ முதல் வாரத்தில் வீக்கத்தைத் தவிர வேறொன்றும் காட்டாது.

மூட்டு நீர் அப்படியல்ல, அது நேராகப் பேசும். நல்ல மூட்டில் அது தெளிவாக, பிசுபிசுப்பாக, சில சொட்டுகளே இருக்கும். கலங்கிய நீர் வந்தாலே மருத்துவரின் சந்தேகம் கூடிவிடும். ஒரு கன மில்லிமீட்டரில் எத்தனை வெள்ளணு என்று எண்ணினால் இன்னும் தெளிவாகும். மேலே சொன்ன தொகுப்பாய்வின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒற்றை மூட்டு வீக்கத்தோடு வரும் 100 பேரில் 10 பேருக்குச் சீழ்மூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரில் வெள்ளணு 25,000க்குக் கீழே இருந்தால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு மூன்று, நான்கு என்று இறங்குகிறது. 50,000க்கு மேல் போனால் ஏறத்தாழ சரிபாதி. ஒரு லட்சத்தைத் தாண்டினால் நூற்றுக்கு 75. வேறெந்த ஒற்றைப் பரிசோதனையும் இவ்வளவு தூரம் முடிவை நகர்த்துவதில்லை. அதே நீரின் ஒரு சொட்டில் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தால் சிலருக்குக் கிருமியே கண்ணில் படும். இன்னொரு சொட்டில் படிகம் தெரிந்தால் கவுட். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: படிகம் தெரிந்துவிட்டது என்பதற்காகச் சீழ் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே மூட்டில் குடியிருப்பதுண்டு. 25,000க்குக் கீழே என்றாலும் கதவு முழுவதும் சாத்தப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். அதனால்தான் கடைசித் தீர்ப்பு கல்ச்சரிடம் போகிறது: நீரை வளர்ப்பு ஊடகத்தில் வைத்து, என்ன முளைக்கிறது, அது எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பது.

இங்கேதான் முந்திக்கொண்டு சாப்பிட்ட மாத்திரை குறுக்கே வருகிறது. எடின்பரோவில் செய்து 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் நீர் எடுத்தவர்களையும் தொடங்கிய பின் எடுத்தவர்களையும் ஒப்பிட்டது. முன்னவர்களில் கல்ச்சர் 79 சதவீதம் பேரிடம் கிருமியைப் பிடித்தது. பின்னவர்களில் 28 சதவீதம் பேரிடம் மட்டுமே. கிராம் சாயமோ 58இலிருந்து 12 சதவீதத்துக்கு விழுந்தது. கிருமி செத்துப்போய்விட்டது, நல்லதுதானே என்று எண்ணத் தோன்றும். செத்திருந்தால் நல்லதுதான். அரைகுறை அளவில் உள்ளே போன மருந்து கிருமியைக் கொல்வதில்லை. ஆய்வகத் தட்டில் முளைக்காத அளவுக்கு அடக்கிவைக்கிறது, அவ்வளவே. மூட்டுக்குள் அரிப்பு நடந்துகொண்டேயிருக்கும், அறிக்கையில் ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும். அதன் பிறகு மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் மருந்து கொடுக்க வேண்டும்: எல்லாவற்றையும் கொல்லும் விலையுயர்ந்த ஊசிகள், நீண்ட நாட்கள், சிறுநீரகத்துக்குச் சேதம் வருமோ என்ற கவலை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கிருமி ரத்தத்தில் ஏறி உடல் முழுக்கப் பரவினால் ஒவ்வொரு மணி நேரமும் உயிர்க் கணக்கு. அப்படியிருக்க நீர் எடுக்கும்வரை மருந்தைத் தள்ளிப்போடச் சொல்வது ஆபத்தில்லையா? ஆபத்துதான், ஒரு பிரிவினருக்கு. ரத்த அழுத்தம் சரிந்து, நினைவு தடுமாறி, மூச்சு வாங்க வந்து சேரும் நோயாளிக்கு முதலில் ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு உடனே மருந்து ஏற்ற வேண்டும். மூட்டு அடுத்த வேலை. 2021இல் திருத்தப்பட்ட சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலும் இவர்களுக்கு ஒரு மணி நேரத்தைத்தான் தருகிறது. அதே வழிகாட்டுதல், அதிர்ச்சி நிலையில் இல்லாத, தொற்று இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு மூன்று மணி நேரம் வரை விசாரித்துப் பார்க்க இடம் கொடுக்கிறது. முழங்காலில் நீர் எடுக்க ஆகும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம். ஆகவே வேகத்துக்கும் விவரத்துக்கும் இடையே உண்மையில் சண்டை இல்லை. நீர் எடுக்கத் தெரிந்த கை பக்கத்தில் இல்லாதபோதுதான் அந்தச் சண்டை பிறக்கிறது. கல்லாற்றுக்காரர் ஒருவருக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. கீழே முதலில் பார்க்கும் மருத்துவர், வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற நல்ல எண்ணத்தோடு ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு அனுப்பினால், 79 சதவீதக் கூட்டத்திலிருந்து 28 சதவீதக் கூட்டத்துக்கு நோயாளியை மாற்றியும் அனுப்புகிறார். அதே மருத்துவர் முதலில் நீரை எடுத்து ஒரு ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் விட்டு, அதன்பின் ஊசி போட்டு, பாட்டிலையும் நோயாளியோடு கொடுத்துவிட்டால் இரண்டும் கிடைக்கும். தாலுகா ஆஸ்பத்திரியிலேயே என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

‘கிருமியின் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, நல்ல ஆன்டிபயாட்டிக்காகப் பார்த்துக் கொடுத்தால் போதாதா’ என்று கேட்பவர்களுக்கு மலையாள நாட்டு மழைக்கால மண்ணே பதில் வைத்திருக்கிறது. 1911இல் ரங்கூனில் மார்ஃபின் பழக்கத்துக்கு ஆளாகி இறந்துபோனவர்களின் உடல்களை ஆராய்ந்த ஆல்ஃப்ரெட் விட்மோர் என்ற மருத்துவரும், அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும், குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைப் போல ஆனால் அதுவல்லாத ஒரு சீழ்நோயைக் கண்டார்கள். 1912இல் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் இருவரும் அதை எழுதினார்கள். இன்று மெலியாய்டோசிஸ் என்று அறியப்படும் நோய் அது. கண்டுபிடித்த இருவரில் ஒருவர் பெயரைப் பார்த்தாலே தென்னாட்டுக்காரர் என்று தெரிகிறது. நம் பாடப்புத்தகங்களில் அவர் இல்லை. அதன் கிருமி, பர்க்ஹோல்டேரியா சூடோமாலெய், ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. வெறுங்காலோடு சேற்றில் நிற்பவரின் சிறு கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ நுழைகிறது. சர்க்கரை நோயாளிகளை அது தேடிப் பிடிக்கும். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், அதோடு மூட்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியும் பல ஆண்டுகளாக இந்நோயைப் பதிவு செய்துவருகின்றன. கேரளத்திலிருந்தும் பதிவுகள் உண்டு. 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதையும், அங்கே பெய்யும் மழையையும் சேர்த்து யோசித்தால் இது யாருக்கோ வரும் நோயாகத் தோன்றாது.

இந்தக் கிருமி சீழ்மூட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் க்ளாக்சசிலினுக்குச் சாகாது. ஜென்டாமைசினுக்கும் பொதுவாக அசையாது. செஃப்ட்ரியாக்சோன் கொடுத்தால் ஏதோ செய்வதுபோலத் தோன்றும், ஆனால் நம்ப முடியாது. தேவை செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம், மூட்டில் என்றால் ஏறக்குறைய நான்கு வாரம் நரம்பு வழியாக. அதற்குப் பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். எல்லாச் சீழ்மூட்டுக்கும் இதுபோல நான்கு மாதச் சிகிச்சை கொடுக்க யாரும் துணியமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. பெயர் தெரிந்தால் மட்டுமே இது சாத்தியம். பெயர் தெரிவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆய்வகத்தில் இது முளைக்கும்போது, சூழலில் இருந்து வந்து ஒட்டிக்கொண்ட சாதாரண சூடோமோனாஸ் என்று நினைத்துத் தட்டைக் கழுவி வைத்துவிடுவதுண்டு. ‘சர்க்கரை நோயாளி, மழைக்காலம், மண்வேலை’ என்ற மூன்று சொற்களை மருத்துவர் படிவத்தில் எழுதி அனுப்பினாலே ஆய்வகத்துக்காரர் இரண்டாம் முறை பார்ப்பார். காசநோய் வேறு இருக்கிறது. அது நாட்கணக்கில் வராது, மாதக்கணக்கில் மெதுவாக மூட்டைத் தின்னும். அதைக் கண்டுபிடிக்க நீர் மட்டும் போதாமல் சவ்வில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியும் வரும். அதற்கு வேறொரு வாரம் வேண்டும்.

குழந்தைகளின் கதை தனி. அவர்களுக்கு அதிகம் அஞ்ச வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. அது சதைக்குள் ஆழமாக இருப்பதால் வீக்கம் வெளியே தெரியாது. குழந்தை காலை ஊன்ற மறுக்கும், டயப்பர் மாற்றும்போது வீறிடும், வீட்டில் சுளுக்கு என்று சொல்லி நீவிவிடப் போவார்கள். உள்ளே சேரும் சீழின் அழுத்தம் தொடை எலும்புத் தலைக்குப் போகும் ரத்தத்தையே நிறுத்திவிடும். தலை செத்துப்போனால் ஒரு கால் குட்டையாகி ஆயுளுக்கும் நொண்ட வேண்டியதுதான். 1999இல் பாஸ்டனில் மினிந்தர் கோச்சரும் சகாக்களும் நான்கு அடையாளங்களைச் சொன்னார்கள்: காய்ச்சல், காலை ஊன்ற முடியாமை, இஎஸ்ஆர் 40ஐத் தாண்டுவது, ரத்த வெள்ளணு 12,000ஐத் தாண்டுவது. நான்கும் இருந்தால் அவர்களுடைய கணக்கில் சீழ்மூட்டு 99 சதவீதத்துக்கு மேல். ஒன்றுமே இல்லையென்றால் ஆயிரத்துக்கு இரண்டு. மற்ற ஊர்களில் சரிபார்த்தபோது எண்கள் இவ்வளவு அழகாக வரவில்லை, ஆனாலும் சந்தேகத்தை வரிசைப்படுத்த அவை உதவுகின்றன. நான்கு வயதுக்குட்பட்டவர்களிடம் கிங்கெல்லா கிங்கே என்ற அடக்கமான கிருமி வேறு உண்டு. சாதாரணத் தட்டில் அது முளைக்கவே முளைக்காது என்று சொல்லலாம். மூட்டு நீரை ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் விட்டால் சில நேரம் முளைக்கும். பிசிஆர் செய்தால் பெரும்பாலும் தெரியும். பாட்டிலின் அருமை இங்கேயும் தெரிகிறது.

சிகிச்சையின் முதல் பாதி சீழை வெளியேற்றுவது. முழங்கால், கணுக்கால் போன்ற இடங்களில் ஊசியாலேயே திரும்பத் திரும்ப எடுக்கலாம், அல்லது துளைவழிக் கருவியை நுழைத்துக் கழுவலாம். இடுப்பு என்றால் பொதுவாகத் திறந்தே கழுவுகிறார்கள். எந்த முறை மேல் என்று எலும்பு மருத்துவர்களும் மூட்டுவாத மருத்துவர்களும் நெடுங்காலமாக வாதாடுகிறார்கள். எனக்குப் படுவது, முறையைவிட நாள் முக்கியம். இரண்டாம் பாதி மருந்து. இதில் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் பழைய நம்பிக்கைகள் பல ஆட்டம் கண்டுவிட்டன. ஃபின்லாந்தில் ஹெய்க்கி பெல்டோலா குழுவினர் 130 குழந்தைகளைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 10 நாள், மறு பகுதிக்கு 30 நாள் மருந்து கொடுத்தார்கள். முதல் சில நாட்கள் மட்டுமே ஊசி, பிறகு வாய்வழி. 2009இல் வெளியான முடிவில் இரு பகுதியும் ஒன்றுபோல் குணமாகியிருந்தன. ஜெனீவாவில் 154 பெரியவர்களிடம், சீழைக் கழுவிய பிறகு இரண்டு வாரமும் நான்கு வாரமும் ஒப்பிடப்பட்டன. இரு பக்கமும் நோய் திரும்பியவர்கள் மிகச் சிலரே. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்று வந்தது கை மூட்டுகளில் என்பதால் முழங்காலுக்கும் இடுப்புக்கும் அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது. 2019இல் பிரிட்டனின் 26 மருத்துவமனைகளிலிருந்து 1,054 பேரைச் சேர்த்துச் செய்த ஓவீவா ஆய்வு, எலும்பு மூட்டுத் தொற்றுகளுக்கு ஆறு வாரம் நரம்பு ஊசிதான் வேண்டும் என்ற ஐதீகத்தையே கேள்வி கேட்டது. ஓராண்டில் சிகிச்சை தோற்றவர்கள் ஊசிப் பிரிவில் 14.6 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 13.2 சதவீதம்.

‘அதெல்லாம் ஃபின்லாந்து, பிரிட்டன். நம்மூர்க் கிருமிகள் வேறு, எதிர்ப்பாற்றல் வேறு. இங்கே பத்து நாளில் நிறுத்தினால் என்ன ஆகும்?’ நியாயமான கேள்வி. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் நம்மிடம் அதிகம், ஃபின்லாந்து ஆய்வில் அது இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த வேறுபாடு என் வாதத்துக்குத்தான் கைகொடுக்கிறது. குறுகிய சிகிச்சை, வீட்டிலிருந்தே சாப்பிடும் மாத்திரை எல்லாமே கிருமி எது, எதற்குச் சாகும் என்று தெரிந்தவர்களுக்குக் கிடைத்த சலுகை. கல்ச்சர் இல்லாத நோயாளிக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் வான்கோமைசினோடு பல வாரம் படுக்கையில் கிடக்க வேண்டும், கூலி போக, துணைக்கு இருப்பவரின் கூலியும் போக. மறுபக்கம், குறைத்தது தவறு என்று நிரூபணமான இடமும் உண்டு. செயற்கை மூட்டு பொருத்தியவர்களுக்கு வரும் தொற்றில் ஆறு வாரமா பன்னிரண்டு வாரமா என்று பிரான்ஸில் 400க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது, ஆறு வாரப் பிரிவில் 18.1 சதவீதம் பேருக்கு நோய் நீடித்தது, பன்னிரண்டு வாரப் பிரிவில் 9.4. செயற்கை மூட்டைப் பற்றி அடுத்த வாரம் விரிவாகப் பேசுவோம்.

இனி ஊசி மேலுள்ள பயம். மூட்டுக்குள் ஊசி விட்டால் அதன் வழியாகவே கிருமி போய்விடாதா என்று கேட்கிறார்கள். சுத்தமாகச் செய்தால் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் அப்படி நேர்கிறது. சீழ் இருக்கிறதா என்று தெரியாமல் அதே மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்களே, பயப்பட வேண்டியது அதற்கு. வலி அடங்கும், வீக்கம் கூடக் குறையும், கிருமி கொழுக்கும். சிறிய ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் வசதி ஏது என்பது அடுத்த தயக்கம். தேவைப்படுவது தடிமனான ஒரு ஊசி, போவிடோன் அயோடின், மரத்துப்போகச் செய்யும் மருந்து, செல் எண்ண ஒரு ஊதா மூடிக் குழாய், ஒரு கல்ச்சர் பாட்டில். சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் நுண்ணோக்கியிலேயே கிராம் சாயத்தையும் பார்க்கலாம். பாட்டிலைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் அறை வெப்பத்தில் வைக்கத் தெரிந்தால் போதும், பெரிய ஆய்வகம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். முழங்காலில் நீர் எடுப்பது எம்பிபிஎஸ் முடித்த எவரும் ஓரிரு நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளக் கூடிய வேலை. இடுப்பு மட்டும் விதிவிலக்கு. அதற்கு அல்ட்ராசவுண்டும் பழகிய கையும் வேண்டும். ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொது: மூட்டின் மேலுள்ள தோலிலேயே தொற்றுப் புண் இருந்தால் அதன் வழியாக ஊசியை நுழைக்கக் கூடாது.

நாட்டு வைத்தியத்தைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. கல்லாற்றை வெளியுலகம் அறிந்ததே அங்கே காட்டுக்குள் வாழும் விஷ வைத்தியர் லட்சுமிக்குட்டியால்தான். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. காணிக்காரர்களின் மூலிகை அறிவு இல்லாமல் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து மருந்து செய்திருக்க முடியாது. தென் திருவிதாங்கூரில் வர்ம ஆசான்மார்களின் கை எத்தனையோ சுளுக்கையும் எலும்பு முறிவையும் சரிசெய்திருக்கிறது. கேள்வி, அந்தக் கை எந்த மூட்டில் படக் கூடாது என்பது. காய்ச்சலின் தொடக்க நாட்களில் எண்ணெய் தேய்ப்பதை ஆயுர்வேத நூல்களே விலக்குகின்றன. சீழ் கண்ட இடத்தைக் கீறி வெளியேற்றச் சொல்லும் மரபு சுசுருதரிடமும் உண்டு, அறுவை, அக்கினி, காரம் என்று வகுத்த சித்த மருத்துவத்திலும் உண்டு. சூடாக வீங்கிய ஒற்றை மூட்டை உழிச்சலுக்கு உட்படுத்துவது மரபைக் காப்பாற்றுவது ஆகாது. மரபே அதை அனுமதிக்கவில்லை. தன்னிடம் முதலில் வரும் நோயாளியை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கும் ஆசான் அரசின் எந்தச் சுற்றறிக்கையையும்விடப் பயனுள்ளவர். அவர்களோடு பேசுவதைச் சுகாதாரத் துறை ஒரு வேலையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

மருந்துக்கடைப் பக்கம் கேரளம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பாற்றலுக்கு எதிராக 2018இல் ஒரு மாநிலச் செயல்திட்டம் வகுத்தது. 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற பெயரில், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைச் சோதனையிடத் தொடங்கியது. ஆன்டிபயாட்டிக்கை நீல நிற உறையில் போட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. தமிழ்நாட்டிலும் இதைச் செய்யலாம், உறைக்கு ஆகும் செலவு பெரிதில்லை. ஆனால் கடைக்காரரைத் தடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் நீர் எடுக்க ஆளில்லாமல் விட்டால் நோயாளிக்குக் கிடைப்பது தாமதம் மட்டுமே. கட்டுப்பாட்டோடு ஊசியும் பாட்டிலும் கீழ்மட்டம் வரை போக வேண்டும். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலைத் தடுக்கத் வேலை உறுதித் திட்டப் பணியாளர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் கொடுக்கப்படுகிறது. அது சரியான காரியம், நிறுத்த வேண்டாம். ஆனால் அது ஒரு ஆன்டிபயாட்டிக் என்பது சாப்பிடுகிறவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும், மருத்துவர் கேட்கும்போது சொல்வதற்காக.

ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரே ஒரு மூட்டு ஓரிரு நாளில் வீங்கிச் சூடாகி அசைக்க முடியாமல் போனால், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீவ வேண்டாம், மூட்டில் எந்த ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டாம், கையிருப்பில் உள்ள காப்சூலை விழுங்க வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டிருந்தால் அந்த அட்டையை அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள். மருத்துவர் மருந்து எழுதத் தொடங்கும்போது ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ‘டாக்டர், முதல்ல மூட்டுல நீர் எடுத்துப் பாக்கணுமா?’